பொருளாதாரக் கொள்கை மருத்துவச் சேவையை என்ன செய்கிறது: ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அரசு தன் மருத்துவமனைகளில் புறநோயாளிக் கட்டணத்தை ரத்து செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு நோயாளிகள் வருகை கூடுகிறது. கொள்கைக்கு வெற்றி என்று அறிவித்துவிடலாமா? அதே ஆண்டில் காய்ச்சல் பரவியிருக்கலாம். தனியார் மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்றியிருக்கலாம். விலைவாசி உயர்ந்து, தனியாரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் அரசு மருத்துவமனைப் பக்கம் திரும்பியிருக்கலாம். கூடிய வருகையில் எவ்வளவு கொள்கையால் வந்தது?

இதற்குப் பதில் சொல்ல, கொள்கை வராமலே போயிருந்தால் வருகை எவ்வளவு இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அதை யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் கொள்கை வந்துவிட்டது. இந்தத் துறையின் முறைகள் எல்லாமே அந்தப் பார்க்க முடியாத எண்ணை நேர்மையாகக் கணிக்கும் வழிகள்தான். எந்த வழி பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் மென்பொருளோ, பேராசிரியரின் விருப்பமோ இல்லை. அந்தக் கொள்கை யாருக்கு, எப்போது, எந்த விதியின்படி வந்தது என்ற வரலாறுதான் தீர்மானிக்கும். கீழே வரும் படிகள் அத்தனையும் இதைச் சுற்றியே இருக்கும்.

முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களையும் அரசுத் துறைகளில் மதிப்பீட்டு வேலை பார்ப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ரிக்ரஷன் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். கட்டண ரத்து என்ற உதாரணத்தையே பெரும்பாலும் கையில் வைத்துக்கொள்வோம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள்

"பொருளாதாரக் கொள்கை சுகாதாரத்தைப் பாதிக்கிறதா?" என்பதை வைத்து ஒரு கருத்தரங்கம் நடத்தலாம், ஆய்வு செய்ய முடியாது. எந்தக் கொள்கை, யார் மீது, எந்த விளைவு, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலத்துக்குள் என்ற ஐந்தும் கேள்வியில் இருக்க வேண்டும். "புறநோயாளிக் கட்டண ரத்து, முதல் இரண்டு ஆண்டுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மருத்துவமனை வருகையை, ரத்து இன்னும் வராத மாவட்டங்களோடு ஒப்பிட்டால், எவ்வளவு மாற்றியது?" என்பது வேலை செய்யக்கூடிய கேள்வி.

கொள்கை என்றதும் சுகாதாரத் துறையின் ஆணைகளை மட்டும் நினைக்க வேண்டாம். வரி, மானியம், நேரடிப் பண உதவி, குறைந்தபட்சக் கூலி, செலவுக் குறைப்பு, காப்புரிமை விதிகள் எல்லாமே மருத்துவச் சேவையைத் தொடும். நாணய மதிப்பைக் குறைத்தால் இறக்குமதி மருந்தின் விலை ஏறும். இப்படி நிதித் துறையில் எடுக்கும் முடிவு மருந்தகத்தில் வந்து நிற்கும் இடங்களில்தான் இன்னும் ஆய்வு செய்யப்படாத நல்ல கேள்விகள் கிடக்கின்றன என்பது என் எண்ணம்.

ஒரு சிக்கலை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பல கொள்கைகள் கட்டாக வரும். 1980-களில் கடன் நெருக்கடியில் சிக்கிய பல நாடுகள் எடுத்த கட்டமைப்புச் சீரமைப்பு நடவடிக்கைகளில் நாணய மதிப்பிறக்கம், ஆள் எடுப்பு நிறுத்தம், மருத்துவமனைக் கட்டணம் என எல்லாம் சேர்ந்தே வந்தன. ஒரே தேதியில், ஒரே மக்கள் மீது வந்த மூன்று நடவடிக்கைகளின் விளைவைத் தனித்தனியாகப் பிரிக்க எந்தப் புள்ளியியலாலும் முடியாது. அப்போது கேள்வியை மாற்றி, கட்டு மொத்தத்தின் விளைவை ஆராய்வதாகச் சொல்லிவிடுங்கள்.

படி 2: தரவைத் திறப்பதற்கு முன் அரசாணையைப் படியுங்கள்

பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் கோணலாகின்றன. தரவு கையில் கிடைத்ததும் ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளோடு உட்கார்ந்துவிடுகிறோம். ஆணை, பட்ஜெட் உரை, சுற்றறிக்கை, சட்டமன்ற விவாதம், தணிக்கை அறிக்கை இவற்றை முதலில் சேகரித்து, தேதி வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். அதற்குள் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்.

முதல் கேள்வி: யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை யார், எந்த அடிப்படையில் முடிவு செய்தார்கள்? நிலைமை மிக மோசமாக இருந்த மாவட்டங்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், அந்த மாவட்டங்கள் கொள்கை இல்லாமலேயே ஓரளவு மீண்டிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு ஆண்டு மிக மோசமாக இருந்த எண் அடுத்த ஆண்டு சராசரியை நோக்கித் திரும்புவது எண்களின் இயல்பு. அந்தத் திரும்பலைக் கொள்கையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அடுத்தது தேதி. ஒரு கொள்கைக்குக் குறைந்தது மூன்று தேதிகள் இருக்கும்: அறிவித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், பணம் உண்மையில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த நாள். மூன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். அறிவிப்பு வந்தவுடனேயே மக்கள் நடத்தையை மாற்றுவார்கள். இலவசமாகப் போகும் அறுவை சிகிச்சையை இரண்டு மாதம் தள்ளிப்போடுவார்கள், விலை ஏறப் போகும் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். இதைக் கவனிக்காமல் நடைமுறைக்கு வந்த நாளை மட்டும் கோடாகப் போட்டால், கோட்டுக்கு முன் ஒரு செயற்கையான பள்ளமும் பின் ஒரு செயற்கையான மேடும் தெரியும். அது பெரிய விளைவு போலத் தோன்றும்.

கடைசியாக, அதே சமயத்தில் வேறு என்ன வந்தது? புதிய ஆம்புலன்ஸ் சேவையா, தேர்தலா, மருத்துவர்களின் வேலைநிறுத்தமா, தொற்றுநோயா?

இந்த விடைகள் கிடைத்ததும் ஆய்வு வடிவமும் ஏறக்குறைய தானாகவே கிடைத்துவிடும். குலுக்கல் முறையில் கொடுத்திருந்தால் அது சோதனை ஆய்வு. வயது, வருமானம் போன்ற எல்லைக்கோட்டின்படி என்றால் எல்லைக்கோட்டு ஆய்வு. மாவட்டம் மாவட்டமாகப் படிப்படியாக வந்திருந்தால் வேறுபாடுகளின் வேறுபாடு. ஒரே நாளில் நாடு முழுக்க வந்திருந்தால் காலத்தொடர். ஒரே ஒரு மாநிலத்தில் மட்டும் என்றால் செயற்கை ஒப்பீடு. இவற்றைப் படி 6-இல் விரிவாகப் பார்ப்போம்.

படி 3: காரணச் சங்கிலியை இரண்டு பக்கமும் வரையுங்கள்

கட்டண ரத்துக்கு எல்லோரும் வரையும் சங்கிலி இது: கைச்செலவு குறைகிறது, அதிகம் பேர் வருகிறார்கள், நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுகிறது, உடல்நலம் மேம்படுகிறது. இது நோயாளியின் பக்கம். மருத்துவமனையின் பக்கம் இன்னொரு சங்கிலி ஓடும். கட்டண வருவாய் நின்றுபோகிறது, அரசு ஈடுகட்டும் தொகை தாமதமாகிறது, மருந்து தீர்கிறது, நோயாளி வெளி மருந்துக்கடையில் வாங்குகிறார், கைச்செலவு பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. வேலைப்பளு கூடிய ஊழியர்கள் மறைமுகமாகப் பணம் கேட்கவும் தொடங்கலாம். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால்தான், கடைசியில் "விளைவு பூஜ்யம்" என்று வரும்போது எதுவுமே நடக்கவில்லையா, இரண்டு விளைவுகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டனவா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அளவீடு தேடுங்கள்.

நமக்குத் தெளிவாகத் தெரியும் என்று நினைப்பது தவறாகவும் இருக்கலாம். பொருளாதாரச் சரிவு உடல்நலத்தைக் கெடுக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அமெரிக்காவில் 1972 முதல் 1991 வரையிலான மாநிலத் தரவுகளை வைத்துச் செய்த புகழ்பெற்ற ஆய்வில், வேலையின்மை கூடிய ஆண்டுகளில் மொத்த இறப்பு விகிதம் குறைந்தது. சாலை விபத்து இறப்புகள் குறைந்தது ஒரு காரணம். தற்கொலை மட்டும் எதிர்த் திசையில் போனது. பிந்தைய ஆண்டுகளின் தரவில் இந்தத் தொடர்பு வலுவிழந்துவிட்டது. ஆக, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சோதிக்க வேண்டிய ஒன்று, காலத்தோடு மாறக்கூடியதும்கூட.

படி 4: எதை அளப்பது

பயன்பாடு, தரம், நிதிச்சுமை, உடல்நலம் என்று விளைவுகளை நான்காகப் பிரிக்கலாம். பயன்பாடு அளக்க எளிது, அதனால் எல்லோரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். வருகை கூடியது நல்லதா கெட்டதா என்று எண்ணிக்கை சொல்லாது. அமெரிக்காவில் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் சுமார் 2,750 குடும்பங்களை வைத்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுச் சோதனையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். செலவில் எவ்வளவு பங்கைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது குடும்பங்களுக்குச் சீரற்ற முறையில் ஒதுக்கப்பட்டது: சிலருக்கு எதுவும் இல்லை, சிலருக்கு 25, 50, 95 சதவீதம், ஆண்டுக்கு ஓர் உச்சவரம்போடு. கட்ட வேண்டியிருந்தவர்கள் சேவையைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் தேவையற்றதை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய சேதம் தெரியவில்லை. ஏழைகளாகவும் ஏற்கெனவே நோயோடும் இருந்தவர்களில், உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு இலவசச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் மேம்பட்டிருந்தது. எண்ணிக்கையையும் சராசரியையும் மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு கைநழுவிப் போயிருக்கும்.

நிதிச்சுமையை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. குடும்பச் செலவில் மருத்துவத்துக்குப் போகும் பங்கு ஓர் எல்லையைத் தாண்டினால் அதைப் பேரிடர்ச் செலவு என்று கணக்கிடுவது வழக்கம். நிலையான வளர்ச்சி இலக்குகளில் 10 சதவீதம், 25 சதவீதம் என்ற இரண்டு எல்லைகள் பயன்பட்டு வந்தன. உணவு போன்ற அடிப்படைச் செலவு போக மீதியில் 40 சதவீதம் என்ற எல்லையும் உண்டு. இப்போது, பணம் இல்லாததால் மருத்துவமனைக்கே போகாமல் வீட்டில் படுத்திருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மருத்துவச் செலவு பூஜ்யம். இந்தக் குறியீட்டின்படி அவர் பாதுகாப்பாக இருக்கிறார்! கட்டணம் ரத்தான பிறகு அதே மனிதர் மருத்துவமனைக்குப் போய், வெளியில் மருந்து வாங்கினால் பேரிடர்ச் செலவுப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். கொள்கை அவருக்கு நன்மை செய்திருக்கிறது, குறியீடோ தீமை என்று காட்டும். எனவே "தேவை இருந்தும் சிகிச்சை பெறாதவர்கள்" என்ற அளவீடு இல்லாமல் பேரிடர்ச் செலவை மட்டும் தனியாக வெளியிடாதீர்கள். கடன் வாங்கியது, நகை நிலம் விற்றது பற்றிய கேள்விகளையும் சேர்த்துக்கொண்டால் படம் இன்னும் தெளிவாகும்.

உடல்நல விளைவுக்குப் பொறுமை வேண்டும். மெக்சிகோவின் செகுரோ பாப்புலர் காப்பீட்டுத் திட்டத்தை 74 ஜோடிப் பகுதிகளில் சீரற்ற முறையில் அறிமுகப்படுத்தி மதிப்பிட்டபோது, பத்து மாதங்களுக்குள் பேரிடர்ச் செலவு தெளிவாகக் குறைந்திருந்தது; சேவைப் பயன்பாட்டிலும் உடல்நலத்திலும் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. பணத்தின் விளைவு முதலில் தெரியும், உடம்பின் விளைவு பின்னால்தான் வரும். இரண்டு ஆண்டுத் தரவு மட்டும் இருந்தால் இறப்பு விகிதத்தை முதன்மை விளைவாக வைக்காதீர்கள். பேறுகால இறப்பு போன்ற அரிதான நிகழ்வுகளை மாவட்ட அளவில் அளக்கப் போனால், வருடத்துக்கு வருடம் எண்கள் தற்செயலாகவே குதிக்கும். எவ்வளவு சிறிய விளைவு வரை உங்கள் தரவால் கண்டுபிடிக்க முடியும் என்று தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். அது நடைமுறையில் சாத்தியமான விளைவைவிடப் பெரிதாக இருந்தால் அந்த விளைவை விட்டுவிடுவதே நல்லது.

படி 5: தரவு எங்கே இருக்கிறது, அதில் என்ன பழுது

மூன்று வகைத் தரவு உண்டு: வீட்டுக் கணக்கெடுப்பு, மருத்துவமனைப் பதிவேடு, அரசின் செலவுக் கணக்கு. மூன்றுக்கும் தனித்தனிப் பழுது இருக்கிறது.

வீட்டுக் கணக்கெடுப்பில் மறதிதான் பிரச்சினை. புறநோயாளிச் சிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு வாரம், மருத்துவமனையில் தங்கியதற்கு ஓராண்டு என்று நினைவுக் காலம் வைப்பது வழக்கம். இரண்டு சுற்றுகளுக்கு இடையில் நினைவுக் காலமோ கேள்வி வரிசையோ மாறியிருந்தால், கொள்கையே இல்லாமல் செலவு ஏறியதாகவோ இறங்கியதாகவோ தெரியும். அதனால் எண்களை எடுப்பதற்கு முன் இரண்டு சுற்றுகளின் கேள்வித்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மருத்துவமனைப் பதிவேட்டில், கொள்கையே பதிவை மாற்றிவிடும் ஆபத்து உண்டு. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று அரசு ஈடு கொடுக்கத் தொடங்கினால், முன்பு எழுதாமல் விட்ட வருகைகளும் இப்போது எழுதப்படும். காகிதத்தில் சேவை கூடும். இதைச் சரிபார்க்க, மருத்துவமனை எழுதாத வேறு ஒரு மூலம் வேண்டும்: வீட்டுக் கணக்கெடுப்பு, மருந்துக் கிடங்கிலிருந்து வெளியே போன அளவு, ஆய்வகச் சோதனை எண்ணிக்கை, இப்படி ஏதாவது ஒன்று.

செலவுக் கணக்கில் ஒதுக்கீடு வேறு, விடுவித்தது வேறு, செலவழித்தது வேறு. பட்ஜெட் ஒதுக்கீட்டை வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம்; முடிந்தவரை செலவழித்த தொகையையே பயன்படுத்துங்கள். பணவீக்கத்தைக் கழிப்பதும் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடுகளை ஒப்பிடுபவர்கள் 2011-ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கு முறைப்படி தொகுத்த எண்களை எடுத்தால், எது சுகாதாரச் செலவு என்ற வரையறையாவது ஒன்றாக இருக்கும்.

தனிநபர் செலவுத் தரவில் இன்னொரு விஷயம். நிறைய பேருக்குப் பூஜ்யம், சிலருக்கு மிகப் பெரிய தொகை. சிலர் ஒன்றைக் கூட்டி லாகரிதம் எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தொகையை ரூபாயில் எழுதினால் ஒரு விடை, ஆயிரம் ரூபாயில் எழுதினால் இன்னொரு விடை வரும். செலவு செய்தாரா என்பதை ஒரு பகுதியாகவும், செய்தவர்களில் எவ்வளவு என்பதை இன்னொரு பகுதியாகவும் பிரித்துப் பார்க்கும் இரு-பகுதி மாதிரி இதைவிட நம்பகமானது.

படி 6: ஒப்பீட்டைக் கட்டுங்கள்

*குலுக்கல் இருந்தால்.* 2008-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த குறைந்த இடங்களுக்கு ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்ததால் குலுக்கல் நடத்தியது. யாரும் ஆய்வுக்காகத் திட்டமிடாத ஒரு சோதனை அப்படிக் கிடைத்தது. குலுக்கலில் பெயர் வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் உண்மையில் காப்பீட்டில் சேர்ந்தார்கள். அதனால் இரண்டு விடைகள் வரும். பெயர் வந்தவர்கள் அனைவரையும் வராதவர்களோடு ஒப்பிட்டால் "வாய்ப்பு கொடுத்ததன்" விளைவு கிடைக்கும். குலுக்கலைக் கருவியாக, அதாவது காப்பீடு கிடைப்பதை மட்டும் மாற்றி உடல்நலத்தை நேரடியாகத் தொடாத ஒன்றாக, வைத்துக் கணக்கிட்டால், குலுக்கலால் காப்பீடு பெற்றவர்கள் மீதான விளைவு கிடைக்கும். ஒரு நிதியமைச்சகத்துக்கு முதல் எண் தேவைப்படலாம், ஒரு மருத்துவருக்கு இரண்டாவது எண். இரண்டையும் வெளியிடுங்கள். காப்பீட்டில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு நேரடியாக மட்டும் ஒப்பிடாதீர்கள். நோய் அதிகம் உள்ளவர்கள்தான் விண்ணப்பத்தை நிரப்ப அதிகம் முயன்றிருப்பார்கள். அந்த ஆய்வில் நிதி நெருக்கடியும் மனச்சோர்வும் குறைந்தன, அவசரப் பிரிவு வருகை கூடியது, ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் புள்ளியியல்படி உறுதியான மாற்றம் தெரியவில்லை. ஒரே கொள்கைக்கு இத்தனை திசைகளில் விடை வந்தது.

*எல்லைக்கோடு இருந்தால்.* ஜப்பானில் பல ஆண்டுகளாக, 70 வயதைத் தொட்டவுடன் நோயாளி கட்ட வேண்டிய பங்கு 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியது. 69 வயது 11 மாதம் ஆனவரும் 70 வயது 1 மாதம் ஆனவரும் மற்ற எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அந்தக் கோட்டில் புறநோயாளி வருகை ஏறத்தாழ 10 சதவீதம் தாவியது, இறப்பில் தாவல் தெரியவில்லை. அழகான வடிவம், ஆனால் மூன்று சோதனைகள் அவசியம். அதே கோட்டில் வேறு சலுகையோ ஓய்வு பெறும் வயதோ வருகிறதா? கோட்டுக்கு எந்தப் பக்கம் இருப்பது என்பதை மக்கள் தாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா? வயதை மாற்ற முடியாது, வருமானச் சான்றிதழை மாற்றலாம். கோட்டுக்குச் சற்றுக் கீழே ஆட்கள் குவிந்திருக்கிறார்களா என்று வரைபடம் போட்டுப் பாருங்கள். கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் வரை எடுத்தீர்கள் என்பதை மாற்றினால் விடையும் மாறுகிறதா? கிடைக்கும் விடை கோட்டின் அருகில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்பதையும் எழுதிவிடுங்கள். 70 வயதின் விடையை 30 வயதுக்காரர்களுக்குப் பொருத்த முடியாது.

*படிப்படியாக வந்திருந்தால்.* வேறுபாடுகளின் வேறுபாடு என்ற முறை, டிஃப்-இன்-டிஃப் என்று பேச்சில் சொல்வார்கள், இதற்கானது. கொள்கை வந்த மாவட்டத்தில் முன்னும் பின்னும் உள்ள மாற்றத்திலிருந்து, வராத மாவட்டத்தின் அதே காலத்து மாற்றத்தைக் கழிப்பதுதான் இது. யோசனை பழையது. 1854-இல் லண்டன் காலரா பரவலின்போது மருத்துவர் ஜான் ஸ்நோ இப்படித்தான் பார்த்தார். 1852-இல் நீர் எடுக்கும் இடத்தை தேம்ஸ் ஆற்றின் மாசு குறைந்த மேல்பகுதிக்கு மாற்றிய லாம்பெத் குடிநீர் நிறுவனத்தின் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 37 இறப்பு. மாற்றாத சதர்க்-வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் வீடுகளில் 315. நிறுவனம் இடம் மாற்றுவதற்கு முந்தைய 1849 பரவலின் எண்களையும் எடுத்து அவர் ஒப்பிட்டார்.

முறை நிற்பது ஒரே ஓர் ஊகத்தின் மேல்: கொள்கை வராவிட்டால் இரு பக்கமும் ஒரே போக்கில் போயிருக்கும். கொள்கைக்கு முந்தைய பல ஆண்டுகளில் போக்கு இணையாக இருந்ததா என்று காட்டுவது வழக்கம். காட்டத்தான் வேண்டும். ஆனால் தரவு குறைவாக இருந்தால் வேறுபாடு இருந்தும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் "இணையாக இருந்தது" என்பதை நிரூபணம் போல எழுத வேண்டாம்.

வெவ்வேறு மாவட்டங்களுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் கொள்கை வந்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. மாவட்டத்துக்கும் ஆண்டுக்கும் நிலையான மாறிகள் போட்டு ஒரே ரிக்ரஷன் ஓட்டும் பழைய வழக்கத்தில், ஏற்கெனவே கொள்கை பெற்ற மாவட்டங்களும் பின்னால் பெற்றவற்றுக்கு ஒப்பீட்டுக் குழுவாக உள்ளே புகுந்துவிடும். விளைவு காலத்தோடு வளர்வதாக இருந்தால் விடை கோணலாகும், சில நேரம் குறியே மாறிவிடும். 2021 வாக்கில் வெளிவந்த கட்டுரைகள் இதைத் தெளிவாக்கி மாற்றுக் கணிப்பு முறைகளையும் கொடுத்துவிட்டன. ஆர், ஸ்டேட்டா இரண்டிலும் அவை கிடைக்கின்றன. இன்னும் கொள்கை வராத மாவட்டங்களை மட்டும் ஒப்பீட்டுக்கு வைக்கும் முறை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

எல்லை தாண்டும் நோயாளிகளையும் மறக்கக் கூடாது. பக்கத்து மாவட்டத்தில் இலவசம் என்றால் மக்கள் பஸ் ஏறிப் போவார்கள். அங்கே வருகை கூடும், இங்கே குறையும், நீங்கள் இரண்டையும் கழித்தால் ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து எண்ணாமல் நோயாளி வசிக்கும் இடத்தை வைத்து எண்ணினால் இது பெரும்பாலும் தீரும்.

*நாடு முழுக்க ஒரே நாளில் வந்திருந்தால்.* உகாண்டா 2001 மார்ச்சில் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கியது போன்ற நிகழ்வுகளில் ஒப்பிட வேறு மாவட்டம் இருக்காது. அப்போது மாத வாரியான நீண்ட தொடரை எடுத்து, கொள்கை வந்த மாதத்தில் மட்டமும் சரிவும் மாறினவா என்று பாருங்கள். முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு மாதத் தரவாவது வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலக் காய்ச்சலைப் போன்ற பருவ ஏற்ற இறக்கத்தையும் கொள்கையையும் பிரிக்க முடியாது. இந்த வடிவத்தைப் பலப்படுத்த ஒரு நல்ல உத்தி உண்டு: கொள்கை தொடாத ஒரு சேவையையும் கூடவே வரையுங்கள். தடுப்பூசி முன்பே இலவசமாக இருந்தது என்றால், கட்டண ரத்தால் அதன் எண்ணிக்கை பெரிதாக மாறக் கூடாது. அதுவும் அதே மாதத்தில் தாவினால், பதிவு முறையோ வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

*ஒரே ஓர் இடத்தில் மட்டும் வந்திருந்தால்.* கலிஃபோர்னியா 1989 முதல் சிகரெட் பாக்கெட்டுக்கு 25 சென்ட் கூடுதல் வரி விதித்தது. அந்த மாநிலத்துக்கு ஈடான இன்னொரு மாநிலம் கிடையாது. அதனால் ஆய்வாளர்கள், 1989-க்கு முந்தைய விற்பனைப் போக்கோடு பொருந்தும்படி யூட்டா, நெவாடா, மொன்டானா, கொலராடோ, கனெக்டிகட் ஆகியவற்றை எடை போட்டுக் கலந்து ஒரு செயற்கைக் கலிஃபோர்னியாவை உருவாக்கினார்கள். நம்பகம் எங்கிருந்து வருகிறது என்றால், வரியே வராத மற்ற மாநிலங்களுக்கும் இதே கணக்கைப் போட்டு, கலிஃபோர்னியாவின் இடைவெளி அவற்றைவிடத் தெளிவாகப் பெரியது என்று காட்டியதில். முந்தைய ஆண்டுகளோடு கலவை நன்றாகப் பொருந்தவில்லை என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள்.

*கருவி மாறி* பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு உள்ள தூரத்தைக் கருவியாக வைத்த கட்டுரைகளைப் பார்த்துப் பலர் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். நாள்பட்ட நோயாளிகள் மருத்துவமனைக்கு அருகில் குடிபோகலாம், நகரத்துக்கு அருகில் இருப்பவர்களின் வருமானமும் வேறு. குலுக்கல் போலத் தெளிவான கருவி கையில் இல்லையென்றால் இந்தப் பாதையில் நான் போக மாட்டேன்.

படி 7: பிழை அளவைக் குறைத்துக் காட்டாதீர்கள்

கொள்கை மாவட்ட அளவில் வந்தது என்றால், உங்களிடம் ஐந்து லட்சம் நோயாளிகள் இருந்தாலும் புள்ளியியல் கண்ணுக்கு நீங்கள் வைத்திருப்பது மாவட்டங்களின் எண்ணிக்கைதான். ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று 2004-இல் ஒரு கட்டுரை காட்டியது. நடக்கவே நடக்காத, கற்பனையான சட்டங்களை அமெரிக்க மாநிலங்களுக்குச் சீரற்ற முறையில் ஒதுக்கி, பெண்களின் ஊதியத் தரவில் வழக்கமான ரிக்ரஷனை ஓட்டினார்கள். 5 சதவீதம் தவறு வர வேண்டிய இடத்தில், 45 சதவீதம் வரை "விளைவு உண்டு" என்று வந்தது. எனவே கொள்கை எந்த மட்டத்தில் ஒதுக்கப்பட்டதோ அந்த மட்டத்தில் தொகுத்துப் பிழையைக் கணக்கிடுங்கள். மாவட்டங்கள் மிகக் குறைவு என்றால், கொள்கையைக் கற்பனையாக வேறு மாவட்டங்களுக்கு மாற்றி மாற்றி ஒதுக்கி, உண்மையான விடை அந்தக் கூட்டத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

படி 8: யாருக்கு என்று பிரித்துப் பாருங்கள்

வருமானம், பாலினம், ஊர்-நகரம், ஊனம், நாள்பட்ட நோய் என்று பிரிக்கலாம். ஆனால் எந்தப் பிரிவுகள் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன் எழுதி வைத்துவிடுங்கள். இருபது பிரிவுகளை ஓட்டினால் ஒன்று தற்செயலாகவே மின்னும். ஏழைகளிடம் வருகை கூடியது என்று மட்டும் நின்றுவிடாமல், ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியதா என்றும் பாருங்கள்.

படி 9: போய்க் கேளுங்கள்

எண்கள் எவ்வளவு என்று சொல்லும், எப்படி என்பதை மனிதர்கள்தான் சொல்வார்கள். 1994-இல் முன்வைக்கப்பட்ட கொள்கை முக்கோணம் என்ற சட்டகம் இங்கே உதவும்: கொள்கையின் உள்ளடக்கம், சூழல், செயல்முறை, அவற்றின் நடுவில் ஆட்கள். துறைச் செயலர் சொல்வதோடு நிறுத்தாமல் பதிவுச் சீட்டு எழுதுபவர், மருந்தாளுநர், செவிலியர், கிராமச் சுகாதார ஊழியர் எல்லோரிடமும் பேசுங்கள். "கட்டணம் நின்றதும் மருந்து வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று மருந்தாளுநரிடம் கேட்கும் ஒரு கேள்வி, படி 3-இன் இரண்டாவது சங்கிலியை முழுதாகத் திறந்துவிடும். மருத்துவமனை வாசலில் மட்டும் நேர்காணல் செய்தால், வராதவர்களை ஒருபோதும் சந்திக்க மாட்டீர்கள். வீடுகளுக்குப் போங்கள். எண் ஆய்வு முடிந்த பிறகு அலங்காரமாகச் சேர்க்கும் வேலையாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். சில நேர்காணல்களை முதலிலேயே செய்தால் அளவீட்டுத் தேர்வே மாறும்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தெளிவான சம்மதம், பெயர் நீக்கம் எல்லாம் இருக்கவே வேண்டும். மறைமுகக் கட்டணம் கேட்கிறார்கள் என்று சொன்ன ஒரு செவிலியரை, அவர் வேலை செய்யும் சிறிய மருத்துவமனையின் விவரத்தை வைத்தே யாரும் கண்டுபிடித்துவிடலாம். மேற்கோள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் பிழைப்புக்கு ஆபத்து என்றால் விட்டுவிடுங்கள்.

படி 10: உங்கள் விடையை நீங்களே உடைக்கப் பாருங்கள்

முதன்மை விளைவு, ஒப்பீட்டுக் குழு, கணக்கீட்டு முறை மூன்றையும் ஆய்வு தொடங்கும் முன் ஒரு திட்டமாக எழுதி, தேதியோடு பொதுவில் பதிவு செய்யுங்கள். பழைய தரவை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் இது பொருந்தும். அப்புறம் போலித் தேதி வையுங்கள்: கொள்கை இரண்டு ஆண்டு முன்பே வந்ததாகப் பாவித்துக் கணக்கிட்டால் விளைவு வரக் கூடாது. ஒப்பீட்டு மாவட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். போக்குகள் எவ்வளவு விலகியிருந்தால் உங்கள் முடிவு கவிழும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணைக் கட்டுரையிலேயே கொடுங்கள்.

எழுதும்போது குணகங்களோடு நிறுத்தாமல், "ஆயிரம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இத்தனை வருகை கூடியது, நம்பக எல்லை இதிலிருந்து இது வரை, ஒரு கூடுதல் வருகைக்கு அரசுக்கு ஆன செலவு இவ்வளவு" என்று மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நிதித்துறையில் படிப்பவருக்கு அந்தக் கடைசி எண் இல்லாமல் கட்டுரை பயன்படாது. "விளைவு இல்லை" என்று எழுதுவதற்கு முன் நம்பக எல்லையைப் பாருங்கள். அது பெரிய நன்மையையும் பெரிய தீமையையும் உள்ளடக்கியதாக இருந்தால் சரியான வாக்கியம் "இந்தத் தரவால் சொல்ல முடியவில்லை" என்பதுதான். நிரல்களையும் சுத்தம் செய்த தரவையும் அனுமதி உள்ள அளவுக்கு வெளியிடுங்கள். தரவைப் பகிர முடியாத இடத்தில், அதை யாரிடம் எப்படி விண்ணப்பித்துப் பெற்றீர்கள் என்று எழுதி வையுங்கள். நேர்காணல் கொடுத்த மருத்துவமனைகளுக்கு முடிவை இரண்டு பக்கத்தில், எளிய மொழியில் அனுப்புங்கள். அவர்கள் சுட்டிக்காட்டும் தவறுகளைத் திருத்திய பிறகு இதழுக்கு அனுப்பலாம்.